எங்கள் வீட்டில் சொல்லாத சொல்

அன்புள்ள மாப்பிள்ளை,

பக்கத்து வீட்டு லட்சுமம்மா இன்று மத்தியானம் மதிலுக்கு மேலாக ஒரு கிண்ணத்தை நீட்டினாள். "ஆஷாடம் கதா அண்ணகாரு, முனகாக்கு தினாலி" என்றாள். ஆஷாட மாதம் பிறந்தால் முருங்கைக்கீரை சாப்பிட்டே தீர வேண்டும் என்பது இந்த ஊர்த் தெலுங்குக்காரர்களின் வழக்கம். அவர்கள் குடிவந்தே சில மாதந்தான் ஆகிறது. எங்கள் கதை அவளுக்கு எப்படித் தெரியும்? வேண்டாம் என்று சொல்ல வாய் வராமல் வாங்கிக்கொண்டேன். பூண்டைத் தட்டிப் போட்டு, காய்ந்த மிளகாயைக் கிள்ளிப் போட்டு வதக்கிய வாசனை. சூடு கையில் ஏறியது. கீழே வைக்கவும் தோன்றாமல் அப்படியே நின்றேன்.

உங்கள் அத்தை உள்ளேயிருந்து வந்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வாங்கிப்போய் அடுப்பு மேடையின் மூலையில் வைத்து ஒரு தட்டால் மூடினாள். பிறகு துணி எடுக்கப் போகிறேன் என்று பின்பக்கம் போனாள். கொடியில் துணியே இல்லை.

அதனால்தான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன். எஸ்.எஸ்.எல்.சி.யை இரண்டு தடவை எழுதிப் பார்த்து, மூன்றாம் தடவை எழுத வெட்கப்பட்டுக்கொண்டு ரயில்வேயில் சேர்ந்தவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். வாழ்நாளில் லீவ் லெட்டரைத் தவிர வேறெதுவும் எழுதியதில்லை. அதிலும் என் மாமியாரை இரண்டு முறை சாகடித்திருக்கிறேன். அவர் திடமாக இருக்கிறார். யார் யாருக்கோ முன்னால் போகவேண்டிய ஆட்களெல்லாம் திடமாகத்தான் இருக்கிறோம்.

உங்களுக்கும் எனக்கும் முதல் சில வருஷம் பேச்சே கிடையாது, மரியாதைதான். நான் கூடத்துக்கு வந்தால் நீங்கள் எழுந்து நிற்பீர்கள். மாப்பிள்ளை நிற்கும்போது மாமனார் உட்காரலாமா என்று நானும் நிற்பேன். வசந்திதான் கத்துவாள். "அப்பா, ரெண்டு பேரும் உக்காருங்க. பிளாட்ஃபாரத்துல வண்டிக்கு நிக்கறாப்பல நிக்காதீங்க."

நாங்கள் அரக்கோணத்துப் பக்கம். நீங்கள் திருநெல்வேலிப் பக்கம். டிப்ளமோ முடித்துவிட்டு இந்த ஹைதராபாத்தில் நாச்சாரத்துத் தொழிற்சாலையில் வேலைக்கு வந்தவர். பீடி, சிகரெட், வெற்றிலை எதுவும் கிடையாது. சிரித்தால்கூடப் பல் தெரியாது. உதட்டை மூடிக்கொண்டு, யாரோ பரீட்சையில் காப்பியடிப்பதைக் கண்டும் காணாதது போல ஒரு சிரிப்பு. என்னிடம் கதைகள் நிறைய இருந்தன. வொர்க்‌ஷாப்பில் சாப்பாட்டு வேளையில் என்னைச் சுற்றித்தான் கூட்டம். ஆனால் மாப்பிள்ளையிடம் போய் அந்தக் கதைகளைச் சொல்ல முடியுமா? மென்று விழுங்கிக்கொண்டேன்.

அந்தக் காலை ஷிஃப்டில் உங்களுக்கு நெஞ்சு அடைத்தபோது, தொழிற்சாலையில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்களாம், வெறும் கேஸ் டிரபிள் என்று. சோடா வாங்கிக் கொடுத்தார்கள். நீங்களும் கேஸ்தான் என்று சொல்லிக்கொண்டே குடித்திருக்கிறீர்கள். முப்பத்திரண்டு வயது ஆளுக்கு, மெலிந்த உடம்புக்காரருக்கு, வேறென்ன நினைக்கத் தோன்றும்? வேர்த்துக் கொட்டிச் சட்டை நனைந்த பிறகுதான் ஒரு ஃபோர்மேனுக்குப் பயம் வந்து, வேனில் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டியிருக்கிறார்.

நான் கை கிரீஸோடு ஓடிவந்தபோது உங்களுக்கு ஊசி ஏறிக்கொண்டிருந்தது. ரத்தக்குழாயை அடைத்த கட்டியைக் கரைக்கிற ஊசி, அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. அந்த டாக்டர் ஹைதராபாத்காரர், நரைத்த தாடி, இந்த ஊர்ப் பேச்சான தக்னி உருதுவும் தெலுங்கும் கலந்து பேசுகிறவர். ஊசி வேலை செய்தது. வலி அடங்கியது. அவர் முகம் மட்டும் தெளியவில்லை. "இத்னி சோட்டி உமர் மே கைக்கு?" என்று என்னைக் கேட்டார். இத்தனை சின்ன வயதில் ஏன்? என்னைக் கேட்டால் எனக்கென்ன தெரியும். பெண் கொடுத்தவன் நான், அவ்வளவுதான்.

பிறகு தொடை வழியாகச் சாயம் செலுத்திப் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இதயத்து ரத்தக்குழாய் ஒரே சீராகப் போகாமல், அங்கங்கே உப்பி, பாம்பு எலியை விழுங்கிவிட்டுப் படுத்திருக்கிற மாதிரி இருந்தது. இங்கிலீஷில் அதற்கு ஒரு பெயர் சொன்னார். எனக்கு இன்றுவரை அது வாயில் நுழையவில்லை. புடைப்பு என்று வைத்துக்கொண்டேன்.

சின்ன வயதில் இவருக்குக் கடும் ஜுரம் ஏதாவது வந்ததா என்று டாக்டர் கேட்டார். ஊரிலிருந்து அலறியடித்துக்கொண்டு வந்திருந்த உங்கள் அம்மா சொன்னார். நான்தான் மொழிபெயர்ப்பு.

"நாலு வயசுல இவனுக்கு அம்மை போட்டிருந்துச்சு. காச்சல் எறங்கவே இல்ல. கண்ணு ரெண்டும் செக்கச்செவேர்னு. உதடு வெடிச்சுப்போச்சு, நாக்கு பழம் மாதிரி செவந்துபோச்சு. கடைசியில விரல் நுனியெல்லாம் தோலு உரிஞ்சு வந்துச்சு. வேப்பிலை கட்டி, தண்ணி ஊத்தி, ஆத்தா எறங்கிட்டான்னு கும்பிட்டோம்."

ஆத்தா இறங்கிவிட்டாள் என்பதை உருதுவில் எப்படிச் சொல்வது? "மாதா உதர் கயி" என்றேன். டாக்டர், "கிதர்?" என்றார். எங்கே இறங்கினாள் என்று கேட்கிறார். காச்சிகுடா ஸ்டேஷனிலா செகந்திராபாத் ஸ்டேஷனிலா என்கிற மாதிரி. எனக்குச் சிரிப்பு வந்து, உங்கள் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நின்றது.

அது அம்மையே இல்லை என்றார் டாக்டர். ஜப்பான்காரர்கள் கண்டுபிடித்துச் சொன்ன ஒரு ஜுரம் உண்டாம். குழந்தைகளுக்கு வரும். வந்த ஜுரம் போய்விடும், சில பேருக்கு மட்டும் இதயத்தின் ரத்தக்குழாயைப் புடைக்க வைத்துவிட்டுப் போகும். வருஷக்கணக்கில் ஒன்றும் தெரியாதாம். இவருக்கு அதுவாகத்தான் இருக்கவேண்டும், அந்தக் காலத்தில் நம் நாட்டில் எந்த டாக்டரிடம் காட்டியிருந்தாலும் தெரிந்திருக்காது, யார்மேலும் தப்பில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நானும் திரும்பத் திரும்பத் தமிழில் சொன்னேன். உங்கள் அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஆத்தா இல்லன்னா, அன்னைக்கு எங்க வீட்டுக்குள்ள வந்துட்டுப் போனது யாரு?"

இதை நான் மொழிபெயர்க்கவில்லை, மாப்பிள்ளை. கட்டிலில் படுத்திருந்த நீங்கள்தான் பேச்சை மாற்றினீர்கள். "எங்க ஃபாக்டரியில மிஷினெல்லாம் ஜப்பான்ல இருந்து வந்ததுதான் மாமா. காச்சலும் அங்கிருந்தே வந்திருக்கு. ஸ்பேர் பார்ட் கெடைக்குமான்னு கேளுங்க."

நாச்சாரத்து வீடு ஆஸ்பத்திரிக்குத் தூரம் என்று, உங்களையும் வசந்தியையும் கைக்குழந்தை மீனுவையும் மெட்டுகுடாவில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கே அழைத்து வந்துவிட்டோம். இதயத்தில் அடிபட்ட சதை ஆறட்டும், சில மாதம் கழித்து மதராஸில் பைபாஸ் ஆபரேஷன் செய்யலாம், அதுவரைக்கும் ரத்தம் உறைந்து மறுபடி அடைக்காமல் மாத்திரையால் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டர். அதுவரைக்கும் உங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் எங்கள் வேலை.

நான் அந்த வேலையை என் பாணியில் தொடங்கினேன். ரயில் பிரேக்குக்குக் காற்றுப் போகிற ரப்பர் குழாயை, அந்த ஓஸைச் சோதித்தே கிழவனானவன் நான். ஓஸ் எங்கேயாவது லேசாகப் புடைத்திருந்தால் சுண்ணாம்புக்கட்டியால் குறி போட்டு ஒதுக்கிவிடுவோம். அடுத்த அழுத்தத்தில் அது வெடிக்கும். ஆகவே உங்களையும் ஒரு ஓஸாகப் பாவித்து, அழுத்தம் ஏறாமல் பார்த்துக்கொண்டேன். குழந்தையைத் தூக்கக் கூடாது. படியேறக் கூடாது. தும்மல் வந்தால் பாதியில் நிறுத்தவேண்டும். கிரிக்கெட் கேட்கக் கூடாது. சிரிக்கவே கூடாது. ரேடியோவில் நகைச்சுவை வந்தால் ஓடிப்போய் அணைத்தேன்.

"மாமா, நீங்களாவது ஏதாவது கதை சொல்லுங்களேன், பொழுது போவ மாட்டேங்குது" என்றீர்கள்.

"சிரிச்சிட்டீங்கன்னா?"

"நீங்க சொல்லுத கதைக்கா? பயப்படாம சொல்லுங்க மாமா."

நான் சொல்லவில்லை. அந்தப் பாவத்தைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்றிருந்தேன்.

அடுத்த முறை டாக்டரிடம் போனபோது என் ஓஸ் சித்தாந்தத்தை விளக்கினேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டார். "ஓஸ் நக்கோ, சாச்சா. நாலா சோச்சோ." நக்கோ என்றால் வேண்டாம். குழாயாக நினைக்காதே, கால்வாயாக நினை. கால்வாய் அகலமாகிற இடத்தில் தண்ணீர் ஓடாமல் தேங்கும், தேங்கினால் பாசி பிடிக்கும். அதுபோலப் புடைப்புக்குள் ரத்தம் சுழன்று தேங்கிக் கட்டியாகிறது. அந்தக் கட்டி நகர்ந்துதான் போன முறை அடைத்தது. வெடிக்கும் என்று பயந்து இவரைப் பொட்டலம் கட்டி வைக்காதே, தினம் காலையில் மெதுவாக நடக்க வை, மாத்திரையை மட்டும் ஒரு நாளும் விடாதே. முப்பது வருஷ அனுபவம் அந்த மேஜைமேல் பஞ்சராகிக் கிடந்தது.

அன்றைக்கு நான் மருந்து வாங்க வரிசையில் நின்றிருந்தபோதுதான் அது நடந்திருக்கிறது. நீங்களும் வசந்தியும் சோதனைக்கு ரத்தம் கொடுக்கிற அறையில். டாக்டர் முன்னால் உங்கள் அத்தை தனியாக. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து கால் நூற்றாண்டாகியும் அவளுடைய உருது காய்கறிக்கடை தாண்டாது. டாக்டர் நல்ல மனிதர், வீட்டுப் பெண்ணுக்கு முக்கியமானதைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருக்கிறார். இவருடைய ரத்தம் மெல்லிசாக இருக்கவேண்டும் என்பதை எளிமையாகச் சொல்லியிருக்கிறார். "கூன் பத்லா ஹோனா, அம்மா. பத்லா."

கூன் என்றால் ரத்தம் என்று அவளுக்குத் தெரியும். மிச்சத்துக்குத் தமிழே போதும் என்று நினைத்துவிட்டாள்.

"பத்தலையா டாக்டர்?"

"ஹவ் ஹவ், பத்லா." ஆமாம் ஆமாம் என்கிறார் அவர்.

மறுநாள் காலையிலிருந்து எங்கள் வீட்டில் முருங்கைக்கீரை. குவார்ட்டர்ஸ் பின்னால் அந்த மரம் இருந்ததே, அதை மொட்டையடித்தாள். பொரியல், கூட்டு, அடை, சூப்பு. எண்ணெயும் உப்பும் குறைக்கச் சொன்ன உடம்புக்குக் கீரை நல்லதுதானே என்று நாங்களும் இருந்தோம். நீங்கள் மட்டும் தட்டைப் பார்த்ததும் கண்ணை மூடித் திறப்பீர்கள்.

"அத்தை, இன்னைக்கும் முருங்கையா? காதுல இலை துளிர்க்கு அத்தை."

"துளிர்க்கட்டும். நல்லதுதான். சாப்பிடுங்க."

சாப்பிட்டீர்கள். ஒரு நாளும் தட்டில் மிச்சம் வைத்ததில்லை.

ரத்தச் சோதனை முடிவு ஒவ்வொரு தடவையும் தப்பாகவே வந்தது. ரத்தம் மெல்லிசாகவில்லை. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார், மறுபடி பார்த்தார், இன்னும் கூட்டினார். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று வசந்தியைச் சந்தேகமாகக் கேட்டார். அவள் வீட்டுக்கு வந்து உங்களோடு சண்டை போட்டாள். "உண்மையச் சொல்லுங்க. மாத்திரைய துப்பிடறீங்களா?" நீங்கள் வாயை ஆவென்று திறந்து காட்டினீர்கள், குழந்தை டாக்டரிடம் காட்டுகிற மாதிரி. அவள் அழுதுகொண்டே உள்ளே எட்டிப் பார்த்தாள்.

கடைசியில் டாக்டர் எங்கள் எல்லோரையும் உட்கார வைத்தார். "கானே கு க்யா தேரே?" என்றார்.

"இன்னா கேக்கறாரு?" என்றாள் உங்கள் அத்தை.

"இன்னா சாப்பாடு போடறேன்னு கேக்கறாரு."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள் மாதிரி முகம். "தினம் முருங்கைக்கீரைன்னு சொல்லுங்க. ஒரு வேளை உட்டதில்லைன்னு சொல்லுங்க."

சொன்னேன். டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "கைக்கு?" என்றார். ஏன்?

"ஏன்னு கேக்கறாரு."

"இதென்னாங்க அக்கிரமமா இருக்குது? அவருதானே சொன்னாரு, ரத்தம் பத்தலைன்னு! நான் பத்தலையான்னு கேட்டேன். ஹவ், பத்தலான்னாரே!"

எனக்கு விளங்கிவிட்டது. பத்லா. பத்தல. டாக்டருக்கு எடுத்துச் சொன்னேன். சொல்லச் சொல்ல என் வாய்க்குள்ளேயே இரண்டு சொல்லும் ஒன்றாகிக்கொண்டு வந்தன. அவர் பேனாவை மூடி வைத்தார். கோபப்படவில்லை. அந்த மாத்திரை ரத்தத்தை உறையவிடாமல் செய்கிறது, இந்தக் கீரையில் இருக்கிற சத்து அதை உறைய வைக்கிறது, அம்மா அந்தப் பக்கம் இழுக்க நான் இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறேன், நானும் முன்னாலேயே கேட்டிருக்க வேண்டும் என்றார். கீரையை நிறுத்தினால் கூட்டிவைத்த மாத்திரை இப்போது அதிகமாகிவிடும் என்று, உங்களைச் சில நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்து அளவைக் குறைத்து ஒழுங்கு செய்தார்.

அங்கே அந்த அறையில், நான் எல்லாவற்றையும் தமிழில் சொல்லி முடித்தபோது உங்கள் அத்தை தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீரை உருவின கை. விரல் இடுக்கில் பச்சைக்கறை போகவே போகாது. நீங்கள் அந்தப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, "அத்தை, எனக்கு ரத்தம் பத்தலன்னா நீங்க குடுக்காம வேற யாரு குடுப்பா?" என்றீர்கள். அவள் சிரிக்கவில்லை. ஆனால் உங்களுக்கு அது போதும் என்பது போல உதட்டை மூடிக்கொண்டு சிரித்தீர்கள்.

அதன் பிறகு முடிவுகளெல்லாம் சரியாக வந்தன. மாதாமாதம் சரியாக வந்தன. டாக்டர் என் தோளைத் தட்டினார். மதராஸிலிருந்து தேதி வந்தது. டிக்கெட் எடுத்தேன். ரயில்வே பாஸில் மாப்பிள்ளைக்கு இடமில்லை. அந்த விதியை எழுதினவனுக்குப் பெண் குழந்தை கிடையாது போலிருக்கிறது.

காலை நடையில்தான் நீங்களும் நானும் மனிதர்களாகப் பேசத் தொடங்கினோம். பக்கத்தில் நடக்கிறவரைப் பார்த்து எழுந்து நிற்க முடியாதே. ரயில்வே லைன் ஓரமாகப் போய், அந்தச் சின்னப் பாலத்துக் கட்டைவரைக்கும் நடந்து திரும்புவோம். வேப்பம்பூ விழுந்து கிடக்கும். நீங்கள் மீனுவைப் பற்றிப் பேசுவீர்கள். அவளுக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லித்தரவேண்டும், இந்த ஊர்ப் பிள்ளைகள் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லுதுகள் என்பீர்கள்.

மதராஸுக்குக் கிளம்ப இன்னும் கொஞ்ச நாள் இருந்த ஒரு காலையில், எனக்கு மனசு லேசாக இருந்தது. இவர் பிழைத்துவிட்டார் என்று எனக்குள் ஒரு தைரியம். நான் இந்த ஊருக்கு வந்த புதுசில் நடந்ததைச் சொன்னேன். மாப்பிள்ளையிடம் சொல்லக் கூடாது என்று அத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்த கதை.

வொர்க்‌ஷாப்பில் சேர்ந்த முதல் வாரம். எனக்கு ஒரு சொல் உருது தெரியாது. சாப்பாட்டு வேளையில் பக்கத்தில் உட்கார்ந்த தக்னிக்காரரிடம் மரியாதைக்கு என் டிபன் பாக்ஸை நீட்டினேன். சாம்பார் சாதம். அவர் பார்த்துவிட்டு, "நக்கோ" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இதென்ன ஊர் வழக்கம் என்று யோசித்துக்கொண்டே மறுபடி நீட்டினேன். இந்தத் தடவை அவர் கையை ஆட்டி, "நக்கோ, நக்கோ!" என்று அழுத்தமாகச் சொன்னார். புது ஊர், பெரிய மனிதர், வேலையும் நிரந்தரமாகவில்லை. என்ன செய்வேன்? டிபன் பாக்ஸ் மூடியைத் திருப்பினேன். அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே நக்கினேன். அவர் எழுந்து வேறிடத்தில் போய் உட்கார்ந்தார்.

நீங்கள் நின்றுவிட்டீர்கள். முதலில் சத்தமே வரவில்லை. பிறகு வந்தது. வாயைத் திறந்து, தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். மேல்வரிசையில் ஒரு பல் கோணலாக இருக்கும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். "அவரு கண்ணைப் பாத்துக்கிட்டேவா மாமா" என்று கேட்டு மறுபடி சிரித்தீர்கள். எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை. எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்தவன், இந்த ஒரு ஆளைச் சிரிக்க வைத்துவிட்டோம் என்று எனக்கு அப்படி ஒரு பெருமை.

"கொஞ்சம் உக்காந்துக்கிடுதேன் மாமா" என்று பாலத்துக் கட்டையில் உட்கார்ந்தீர்கள். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. குனிந்தீர்கள். இன்னும் சிரிக்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன். நானும் சிரித்துக்கொண்டுதான் நின்றேன்.

ஆட்டோவில் என் மடியில்தான் வந்தீர்கள். டாக்டர் தன் கையாலேயே உங்கள் நெஞ்சை அழுத்தினார், அவர் சட்டை நனைகிறவரைக்கும். பிறகு வெளியே வந்து என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். டாக்டர்கள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

சில நாள் கழித்து உங்கள் அத்தை என்னை இழுத்துக்கொண்டு அவரிடம் போனாள். கீரையாலா என்று கேட்கச் சொன்னாள். அவர் பொறுமையாகச் சொன்னார். கீரை நின்று மாதக்கணக்காகிறது, அதன் பிறகு வந்த முடிவுகளெல்லாம் சரியாக இருந்தன, இதயத்தில் ஏற்கெனவே விழுந்த தழும்பு ஒன்று, புடைத்த குழாய் ஒன்று, மாத்திரை சரியாக இருந்தும் சில நேரம் இப்படி ஆகிவிடுகிறது. அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு நான் திரும்பப் போய் என் கேள்வியைக் கேட்டேன். நான் சிரிக்க வைத்தேன் டாக்டர், அதனாலா? அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஹஸ்னே சே கோயி மர்தா க்யா, சாச்சா?" சிரித்து யாராவது சாவார்களா?

அவள் கீரையால் இல்லை என்று நான் அவளுக்குச் சொல்கிறேன். உங்க கதையால இல்லைங்க என்று அவள் எனக்குச் சொல்கிறாள். ஒருவர் சொன்னதை ஒருவர் முழுசாக நம்புகிறோம். தன்னைப் பற்றியது வரும்போது மட்டும் டாக்டரையே நம்புவதில்லை. இப்போதும் நான் கதை சொல்கிறேன், மாப்பிள்ளை. வாய் சும்மா இருக்குமா? ஆனால் எதிரே இருக்கிறவர் சிரிக்கத் தொடங்கினதும், முகத்தை விட்டுவிட்டு அவர் நெஞ்சைத்தான் பார்க்கிறேன். பாதியில் கதையை நிறுத்திவிடுகிறேன். கிழவனுக்கு மறதி என்கிறார்கள்.

உங்கள் அத்தை ஒரு சொல்லை விட்டுவிட்டாள். யாரும் அவளிடம் சொல்லவில்லை, அவளாகவே விட்டாள். ரசத்துக்கு உப்புக் குறைந்தால், "இன்னும் கொஞ்சம் வேணும்" என்பாள். ரேஷன் சர்க்கரை மாதக் கடைசிவரை வராவிட்டால், "முடிஞ்சிருச்சு" என்பாள். ஒரு தமிழ்க் குடும்பம், அதிலும் ரிட்டயரானவன் குடும்பம், பத்தல என்று சொல்லாமல் இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தச் சொல்லுக்குக் கதவைச் சாத்த முடிகிறதா? பால்காரன் சொல்வான், துணிக்கடைக்காரன் சொல்வான். மீனுவே பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "பாட்டி, தால் பத்லா ஹை" என்பாள். பருப்பு நீர்த்திருக்கிறதாம். உங்கள் அத்தையின் கை கரண்டியோடு நின்றுவிடும். வந்தது யார் என்று தெரிந்தவள் மாதிரி.

வசந்திக்கு உங்கள் தொழிற்சாலையிலேயே வேலை கொடுத்தார்கள். குவார்ட்டர்ஸை ஒப்படைத்த பிறகு நாங்களும் நாச்சாரத்துக்கே வந்துவிட்டோம். நீங்கள் நுழைந்த அதே கேட்டில்தான் தினம் நுழைகிறாள்.

இதுவரை எழுதி நிறுத்தியிருந்தேன். மீனு வந்துவிட்டாள். பையை எறிந்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். தட்டைத் திறக்கிற சத்தம் கேட்டது. "பாட்டி, ஏமிட்டி இதி?" என்றாள். இது என்ன என்று கேட்கிறாள். இந்த வயதுவரைக்கும் அவள் எங்கள் அடுப்படியில் முருங்கைக்கீரையைப் பார்த்ததில்லை. உங்கள் அத்தை தடுப்பாள் என்று நினைத்தேன். அவளோ சோற்றைப் போட்டுக் கீரையைப் பக்கத்தில் வைத்தாள். வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றாள். எழுந்து போய்ப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டு இங்கேயே இருந்தேன்.

கிண்ணத்தைச் சுரண்டுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். உங்கள் பெண் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பிடித்து அடியை நக்கிக்கொண்டிருந்தாள். மூக்கு நுனியில் ஒரு இலை. "இன்கா?" என்றாள், இன்னும் வேண்டுமாம். சிரித்தாள். மேல்வரிசையில் அந்தப் பல் கோணலாகத்தான் முளைத்திருக்கிறது. என் கண் அவள் நெஞ்சுக்குப் போகப் பார்த்தது. பல்லிலேயே பிடித்து நிறுத்திக்கொண்டேன்.

உங்கள் அத்தை காலிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். மதிலண்டை அவள் குரல் கேட்டது. கரகரத்து, பூட்டியிருந்த அறையைத் திறக்கிற மாதிரி.

"லட்சுமம்மா, இன்னும் கொஞ்சம் இருக்குதா? கொயந்தைக்குப் பத்தல."

நான் வேறென்ன எழுத? அந்தப் பாலம்வரைக்கும் போய்த் திரும்பிய காலைகளை இன்னும் வைத்திருக்கிறேன். உங்கள் வாய் திறந்த ஒரே ஒரு சிரிப்பை வைத்திருக்கிறேன்.

பத்தல, மாப்பிள்ளை.